குருத்தணுக்கள் மூப்படைவதில் சுற்றுத்திசுவின் பங்கு

இடுப்பெலும்பு முறிவுக்காக அறுவை சிகிச்சை பெற்ற முதியவரின் தொடைத்தசை மீண்டும் வலுப்பெறுவதற்கு இளையவரைவிட நெடுநாள் ஆகிறது. உடலைப் புதுப்பிக்கும் அணுக்கள் தீர்ந்துபோனமையே இதற்குக் காரணம் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் முதியவர் உடலிலும் அவ்வணுக்கள் உள்ளன. பல வேளைகளில் அவற்றைச் சூழ்ந்துள்ள திசுவே அவற்றைச் செயல்படவிடாமல் தடுக்கிறது. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது பராமரிப்பிலும் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதிலும் பயன்தரும்.

குருத்தணுவும் அதன் உறைவிடமும்

குருத்தணு (ஸ்டெம் செல்) என்பது தேய்ந்த அணுக்களுக்கு மாற்றாகப் புதியவற்றைத் தோற்றுவிக்கும் மூல அணு ஆகும். தசை, தோல், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் இவை காணப்படுகின்றன. அருகிலுள்ள இரத்த நுண்குழாய்கள், நோய் எதிர்ப்பு அணுக்கள், நார்ப்பின்னல் முதலியவை சேர்ந்து இவற்றின் உறைவிடமாக அமைகின்றன. எப்போது ஓய்ந்திருக்க வேண்டும், எப்போது பெருக வேண்டும் என்னும் குறிப்புகள் அங்கிருந்தே கிடைக்கின்றன. இக்கருத்தை 1978-ஆம் ஆண்டில் ரே ஸ்கோஃபீல்டு என்னும் ஆய்வாளர் இரத்தக் குருத்தணுக்களை முன்வைத்து வெளியிட்டார்.

வயது கூடும்போது இவ்வுறைவிடம் மாறுகிறது. தசையில் நார்த்திசு மிகுந்து விறைப்பு உண்டாகிறது. எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு சேர்கிறது. உடலெங்கும் மெல்லிய அழற்சி நீடிக்கிறது.

ஆய்வுகள் காட்டியவை

1989-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முதிய எலியின் தசையை இளம் எலிக்கும், இளம் எலியின் தசையை முதிய எலிக்கும் மாற்றிப் பொருத்தினர். இளம் உடலில் வைக்கப்பட்ட முதிய தசை நன்கு புத்துயிர் பெற்றது; முதிய உடலில் வைக்கப்பட்ட இளம் தசையோ பின்தங்கியது. 2005-இல் முதிய சுண்டெலியின் இரத்த ஓட்டத்தை இளம் சுண்டெலியுடன் இணைத்தபோது, முதிய சுண்டெலியின் தசைக் குருத்தணுக்கள் மீண்டும் ஊக்கம் பெற்றன.

எனினும், சூழலை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. மிக முதிர்ந்த சுண்டெலிகளின் தசைக் குருத்தணுக்களை இளம் உடலில் வைத்தும் அவை முழுமையாக மீளவில்லை என 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. திருத்துறைப்பூண்டி வட்டார உழவர்கள் இதனை எளிதில் உணர்வர். உவர் ஏறிய நிலத்தில் நல்ல விதைநெல்லும் சரியாக முளைப்பதில்லை. அவ்விதையே நல்ல வயலில் செழிக்கிறது. ஆனால் பல்லாண்டுகள் கிடந்து முளைப்புத்திறன் இழந்த விதைக்கு எந்த மண்ணும் உதவாது.

சர்க்கரை நோயும் கால் புண்ணும்

சுற்றுத்திசுவைக் கெடுப்பனவற்றுள் நம்மால் கட்டுப்படுத்தக்கூடிய முதன்மையானது சர்க்கரை நோயே. நீண்ட நாள் உயர்ந்த சர்க்கரை நுண்குழாய்களைச் சிதைக்கிறது. காயம் ஏற்படும்போது எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளியேறி உதவ வேண்டிய அணுக்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. நரம்புகளும் பாதிக்கப்படுவதால், வெறுங்காலுடன் நாற்று நடுபவர் பாதத்தில் முள் தைத்தாலும் அதனை உணராமல் போகலாம். எனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் இயன்றவரை வெறுங்காலுடன் வயலில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். வயலிலிருந்து திரும்பியதும் கால்களைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலைப் பிறரைக் கொண்டு பார்க்கச் செய்தல் வேண்டும். சிறு புண்ணாயினும் மருத்துவரிடம் காட்டவும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் முதியவரை அன்பின் மிகுதியால் படுக்கையிலேயே வைத்திருக்கும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. இது தசைக்கு நன்மை செய்வதன்று. முறையான தசைப்பயிற்சி முதியவர்களிடத்தும் தசைக் குருத்தணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அறியப்பட்டுள்ளது. மருத்துவர் இசைவு தந்தவுடன் இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் எழுந்து நடக்கச் செய்க. பயறு, முட்டை, மீன் போன்ற புரத உணவு தேவை. சிறுநீரக நோய் இருப்பின் அளவினை மருத்துவரிடம் கேட்டறியவும். புகையிலையை விடுதல் இரத்த ஓட்டத்திற்கு உதவும்.

இளமை தரும் ஊசிகள்

குருத்தணு ஊசியால் மூட்டுத் தேய்மானமும் முதுமையும் நீங்கும் என்னும் விளம்பரங்களை நம்பி நகையையும் நிலத்தையும் அடகு வைக்க முற்படுவோர் ஒன்றைக் கருத வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது. இத்தகைய சிகிச்சையில் கொடையாளரின் அணுக்கள் இரத்தம் ஏற்றுவது போலச் சிரை வழியே செலுத்தப்படுகின்றன. அவை தாமாகவே மஜ்ஜையை அடைந்து தங்குகின்றன. அவ்விடம் முன்னரே மருந்துகளால் ஆயத்தம் செய்யப்பட்டிருக்கும். தேய்ந்து அழற்சியுற்ற மூட்டில் அத்தகைய உறைவிடம் இல்லை. அங்குச் செலுத்தப்படும் அணுக்களில் பெரும்பாலானவை நெடுநாள் நிலைப்பதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, இரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்றே ஏற்கப்பட்ட சிகிச்சையாகும். ஏனையவை ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வுகளாக மட்டுமே நடைபெறலாம்; அவற்றில் பங்கேற்பவரிடம் கட்டணம் பெறுதல் கூடாது. யாரேனும் பணம் கேட்டால், ஆய்வின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் எழுத்தில் கேட்டுப் பெறவும். ஐயம் இருப்பின், பணம் செலுத்துவதற்கு முன்னரே அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும் அல்லது 104 என்னும் எண்ணில் ஆலோசனை பெறவும்.