தட்டில் இருக்கும் இரும்பு ரத்தத்துக்குப் போகிறதா?

பால், தயிர், நெய், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நனிசைவத்துக்கு மாறுகிற பெண்ணிடம் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான்: "பாலும் குடிக்க மாட்டேங்கிறியே, அப்புறம் உடம்புல ரத்தம் எப்படிடீ ஊறும்?" கேட்பவர் பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் அத்தை. அவர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். ஆனால் இந்தக் கவலைக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. ஒரு டம்ளர் பாலில் அரை மில்லிகிராம் இரும்பு கூடத் தேறாது. பாலில் இருக்கும் கால்சியமும் கேசின் என்ற புரதமும், அதே வேளையில் சாப்பிட்ட மற்ற உணவின் இரும்பையும் ஓரளவு உள்ளே போகவிடாமல் தடுக்கும். பாலை நிறுத்தியதால் யாருக்கும் இரும்பு குறைந்துவிடாது.

பிரிட்டனில் 65 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சாப்பாட்டைக் கணக்கெடுத்த எபிக்–ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் முடிவுகள் 2003இல் வெளியாயின. அசைவர்களைவிட நனிசைவர்கள்தான் நாளொன்றுக்கு அதிக இரும்பு சாப்பிடுகிறார்கள் என்று அதில் தெரியவந்தது. பயறு, பருப்பு, தீட்டாத தானியம், கீரை என்று சாப்பிட்டால் கணக்கு அப்படித்தான் வரும். அப்படியிருந்தும், தாவர உணவுக்காரர்களின் உடலில் சேமித்து வைத்திருக்கும் இரும்பு அசைவர்களுடையதைவிடக் குறைவு என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. சாப்பிட்ட இரும்பு எங்கே போயிற்று? பெரும்பகுதி குடல் சுவரைத் தாண்டாமலேயே மலத்தோடு வெளியேறிவிட்டது. நனிசைவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இந்தக் குடல் சுவர்தான்.

வளர்ந்த மனித உடலில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் உட்கார்ந்து ஆக்சிஜனைச் சுமக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். வயதான சிவப்பணுக்களை மண்ணீரல் பிடித்து உடைத்து, அதிலுள்ள இரும்பைப் பிரித்தெடுத்து, புதிய சிவப்பணு செய்ய எலும்பு மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகிறது. இப்படித் தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடலுக்குள்ளேயே மறுசுழற்சி ஆகிறது. வெளியே போவது ஒரு மில்லிகிராம் அளவுதான். மாதவிடாய் வரும் பெண்களுக்குச் சராசரியாக அதற்கும் சற்று மேல். இவ்வளவு சிக்கனம் ஏன் என்றால், சேர்ந்துவிட்ட இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. ஆகவே கட்டுப்பாடு முழுவதும் உள்ளே விடும் இடத்தில்தான். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அந்தக் காவலைப் பார்த்துக்கொள்கிறது. கையிருப்பு நிறைந்தால் ஹெப்சிடின் கூடும், குடல் இரும்பை நிறுத்திவிடும். கையிருப்பு குறைந்தால் ஹெப்சிடினும் குறையும், குடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதனால், மாறிய புதிதில் கொஞ்சம் இறங்கும் இரும்பு பலருக்கு ஓரிடத்தில் நிலைத்துவிடும். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தத் தற்காப்பு போதாது.

கறியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி 'ஹீம்' என்ற வளையக் கூட்டுக்குள் இருக்கிறது. குடல் அந்தக் கூட்டை முழுதாக உள்வாங்கிவிடுவதால், அதில் 15 முதல் 35 சதவீதம் வரை ரத்தத்தில் சேரும். நாம் சாப்பிடும் தாவர உணவின் இரும்புக்கு அந்தக் கூடு கிடையாது. அதில் 2 முதல் 20 சதவீதம்தான் சேரும். கூட சாப்பிடுவது என்ன என்பதே அந்த 2 அல்லது 20ஐத் தீர்மானிக்கிறது.

தாவரத்தில் ஹீம் இல்லவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நிலக்கடலைச் செடியையோ தட்டைப்பயறுச் செடியையோ வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேர் நெடுகிலும் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால், நன்றாக வேலை செய்யும் முடிச்சாக இருந்தால், உள்ளே ரத்தம் கலந்தாற்போல் இளஞ்சிவப்பு. அது லெக்ஹீமோகுளோபின். நம் ஹீமோகுளோபினுக்கு உறவான இந்தப் பொருளை ஜப்பானைச் சேர்ந்த குபோ 1939இல் கண்டு சொன்னார். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவை ஆக்சிஜனிடமிருந்து காப்பதற்காகச் செடி அதை வைத்திருக்கிறது. சோயா வேரின் இதே பொருளை ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்துத்தான் அமெரிக்காவில் இம்பாசிபிள் பர்கருக்குக் கறி நிறமும் மணமும் ஏற்றுகிறார்கள். நாம் வேர் முடிச்சைச் சாப்பிடுவதில்லை, விதையைத்தான் சாப்பிடுகிறோம். விதையில் இரும்பு நிறைய இருக்கிறது; கூடவே அதைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலமும் இருக்கிறது.

ஃபைட்டிக் அமிலம் கெட்ட பொருள் அல்ல. முளைக்கப்போகும் செடிக்காக விதை சேர்த்து வைத்த பாஸ்பரஸ் அது. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆறு பாஸ்பேட் கைகள். நம் குடலில் அந்தக் கைகள் இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும், கரையவிடாது. அதை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதி மனிதக் குடலில் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். ஆனால் விதைக்குள்ளேயே அது இருக்கிறது. தண்ணீர் பட்டு முளை விடும்போது விழித்துக்கொண்டு வேலை செய்யும். பயறை இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி முளைவிட வைப்பதும், கேழ்வரகை முளைகட்டி வறுத்து மாவாக்குவதும், மாவரைத்துப் புளிக்க வைப்பதும் இந்தக் கைகளைப் பிரித்துவிடுகிற வேலைகளே. கேழ்வரகுக்கு இது மிகவும் அவசியம், ஏனென்றால் அதன் சிவந்த தோலில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் டானின் வேறு இருக்கிறது.

பழைய சோறு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்பு, இரவு முழுக்க ஊறினால் 73.91 மில்லிகிராமாகிவிடும் என்று ஒரு கணக்கு வருடக்கணக்காக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. இரும்பு ஒரு தனிமம். எந்த பாக்டீரியாவாலும் அதைப் புதிதாக உண்டாக்க முடியாது. பானையில் இருந்ததுதான் இருக்கும். புளிப்பதால் நடப்பது வேறு: ஃபைட்டிக் அமிலம் குறையும், லாக்டிக் அமிலம் கூடும், இருக்கிற கொஞ்ச இரும்பு எளிதாகக் கரையும். பழைய சோறு நல்ல உணவுதான். அதை நம்பி இரும்புக் கணக்கை முடிப்பது ஆபத்து. தீட்டிய அரிசி 100 கிராமில் இருப்பதே 0.65 மில்லிகிராம்தான்.

பீட்ரூட்டும் மாதுளையும் இதே கதை. ரத்த நிறத்தில் இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன் என்ற நிறமி, மாதுளையுடையது ஆந்தோசயனின். இரண்டிலும் இரும்பின் பங்கு எதுவும் கிடையாது. 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இரண்டிலும் வராது. ரத்தசோகையில் களைத்துக் கிடக்கும் பெண்ணுக்குத் தினமும் மாதுளை ஜூஸ் வாங்கிக் கொடுத்து மாதக்கணக்கைத் தள்ளுகிற குடும்பங்கள் எத்தனையோ. அன்பில் குறையில்லை, காலம்தான் வீணாகிறது.

இரும்பு எதில் இருக்கிறது? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராமுக்குக் கறுப்பு எள்ளில் 14 மில்லிகிராம் அளவு, கொள்ளில் 8.8, கம்பில் 6.4, கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் 4.6. ஒருநாளில் 100 கிராம் கம்பு, 50 கிராம் கொள்ளு, 100 கிராம் முருங்கைக்கீரை, 20 கிராம் எள் உள்ளே போனால் 18 மில்லிகிராம் வந்துவிடும். ஆண்களுக்கான பரிந்துரை நாளொன்றுக்கு 19, பெண்களுக்கு 29. பரிந்துரையிலேயே 8 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த 8ஐ நாம் 12 ஆக்கினால், அதே சாப்பாட்டில் ஒன்றரை மடங்கு இரும்பு சேரும். 29ஐ எட்டவே முடியாது என்று மலைப்பதைவிட இது நடக்கக்கூடிய வழி.

அதற்குக் கைகொடுப்பது வைட்டமின் சி. தாவர இரும்பு பெரும்பாலும் குடல் எடுத்துக்கொள்ள முடியாத ஃபெர்ரிக் வடிவத்தில் இருக்கிறது. வைட்டமின் சி அதை ஃபெர்ரஸ் ஆக மாற்றும், ஃபைட்டிக் அமிலத்தின் பிடியில் சிக்காமலும் பார்த்துக்கொள்ளும். அதே ஹைதராபாத் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பதின்பருவத்தினருக்கு அரிசிச் சாப்பாட்டுடன் கொய்யாப்பழம் கொடுத்துப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். இரும்பு சேர்வது இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. எலுமிச்சையில் அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் எளிதில் கிடைக்கும், எல்லாவற்றுடனும் ஒத்துப்போகும். இரண்டு விஷயம் முக்கியம். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் குடித்த நெல்லிக்காய்ச் சாறு மதியக் கீரைக்கு உதவாது. அடுத்தது, வைட்டமின் சி சூட்டில் அழிந்துபோகும். கீரை மசியலை இறக்கி, கொஞ்சம் ஆறிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். நெல்லிக்காயை வதக்காமல் தேங்காய், பச்சைமிளகாயுடன் பச்சையாகத் துவையல் அரையுங்கள். சுண்டலுக்கு மாங்காயைத் துருவிப் போடுங்கள்.

சின்ன வெங்காயமும் பூண்டும்கூட உதவலாம். தானியம், பருப்பிலிருந்து விடுபடும் இரும்பை அவை கூட்டுகின்றன என்று மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் ஆய்வுக்கூடச் சோதனையில் காட்டியது. மனிதர்களிடம் அதே அளவு பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் சாம்பாரில் நாலு வெங்காயம் கூடப் போடுவதில் நஷ்டமில்லை. இரும்புச் சட்டியில் வைக்கும் வத்தக்குழம்பிலும் புளியின் அமிலத்தால் சட்டியின் இரும்பு கொஞ்சம் கரைந்து இறங்கும். எவர்சில்வரும் நான்ஸ்டிக்கும் வந்து அதையும் விரட்டிவிட்டன. இரும்புச் சட்டியை மறுபடி எடுத்துப் புழங்கத் தொடங்கலாம்.

இனி டீ. நம் ஊரில் இரும்பு வீணாவதற்குச் சாப்பிட்டு முடித்த கையோடு குடிக்கும் டீயைப் போல் வேறொரு பழக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1983இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், உணவுடன் டீ குடித்தவர்களுக்கு இரும்பு சேர்வது 64 சதவீதம் குறைந்தது. காபிக்கு 39 சதவீதம். காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தால் பாதிப்பில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, கூடவே குடித்த அளவுக்குப் பாதிப்பு இருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் வைத்துச் செய்யும் சோதனைகள் விளைவைச் சற்றுப் பெரிதாகக் காட்டும் என்பதும் உண்மை. எப்படியிருந்தாலும், டீயைச் சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளுவதற்கோ, சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடுவதற்கோ காலணா செலவில்லை. டிபன் முடிந்ததும் டம்ளரை எடுக்கும் கையை நிறுத்துவதுதான் கஷ்டம். கால்சியம் மாத்திரை போடுகிறவர்களும் அதைப் பெரிய சாப்பாட்டோடு சேர்க்காமல், எப்போது போடுவது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டால் மட்டும் சரியாகாத நிலையும் உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, கண் இமையின் உட்புறம் வெளுத்துப்போவது எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள். பச்சரிசியை அள்ளி மெல்வது, பல்பம், திருநீறு, அடுப்புச் சாம்பல் தின்ன ஆசை வருவது, ஐஸ்கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பது ஆகியவையும் இரும்புக் குறைவின் அடையாளங்களாக இருக்கலாம். இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிற பெண்கள் நிறையப் பேர். திட்டாமல் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். குறைவு உறுதியானால் மாத்திரைதான் வழி, முருங்கைக்கீரை மட்டும் காப்பாற்றாது. ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் ஒருநாள் வரை உயர்ந்து நிற்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்களுக்கு இரும்பு கூடுதல் விகிதத்தில் சேர்ந்தது என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் கண்டார்கள். வயிற்றுப் புரட்டலால் மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் இந்த வழி தங்களுக்கு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

நனிசைவர்கள் இரும்போடு பி12ஐயும் பார்க்க வேண்டும். தாவர உணவில் நம்பத்தக்க பி12 கிடையாது. மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ கட்டாயம். இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி அளவு சரியாக இருப்பதுபோல் ரிப்போர்ட்டில் தெரியும். ஆகவே ஹீமோகுளோபின் அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 இரண்டையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பரிசோதனை இல்லாமல் இரும்பு டானிக்கோ மாத்திரையோ வாங்கிக் குடிக்காதீர்கள்; தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் படிந்து கெடுதல் செய்யும். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்கள் இந்தப் பரிசோதனைகளைக் கர்ப்பத்துக்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.