நிற்கும்போது தடுமாறும் எஞ்சின்

கார்புரேட்டர் பொருத்திய பெட்ரோல் வண்டி சாலையில் நன்றாக ஓடுகிறது. நிறுத்தத்தில் மட்டும் எஞ்சின் தடுமாறி அணைந்துவிடுகிறது. இதைக் கண்டவுடன் பலர் கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்பத் தொடங்குவர். குறை அங்கில்லாமல், காற்றும் பெட்ரோலும் உட்செல்லும் மானிபோல்டுக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையேயுள்ள காஸ்கெட்டில் இருத்தல் கூடும்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். மிதியிலிருந்து காலை எடுத்ததும் திராட்டில் வால்வு ஏறக்குறைய மூடிக்கொள்வதால், மானிபோல்டினுள் அழுத்தம் மிகத் தாழ்கிறது. பழுதுற்ற காஸ்கெட்டின் வழியே வெளிக்காற்று பலமாக உறிஞ்சப்படுவது அப்போதுதான். அவ்வேளையில் எஞ்சினுக்குட் செல்லும் மொத்தக் காற்றே சிறிதாதலின், கலவை மெலிந்து சரிவர எரியாமற் போகிறது. வால்வு திறந்தால் அழுத்த வேறுபாடு சுருங்கும், குறையும் மறையும். வேகத்தில் மறைவதே முதற்சான்று.

அடுத்து வெற்றிடமானி. கடல் மட்டத்தில், நல்ல எஞ்சின் நின்றோடும்போது ஊசி சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் அசையாது நிற்கும். ஆயிரம் அடி உயரத்திற்கு ஏறத்தாழ ஓரங்குலம் குறையும் என்பதைச் சிம்லா போன்ற ஊர்களில் பணியாற்றுவோர் கருத்திற்கொள்ள வேண்டும். பற்றவைப்பு நேரம் பிந்தினாலும் ஊசி தாழ்ந்தே நிற்குமாதலால், மானியை மட்டும் கொண்டு முடிவுகட்டலாகாது.

கசியும் இடத்தைக் காணப் பெட்ரோலைத் தெளிக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. இது தீவிபத்துக்கு வழி. பி.எம்.சி. வழிவந்த எஞ்சின் கொண்ட பழைய அம்பாசடரில் உள்ளிழுக்கும் மானிபோல்டும் கழிவுவாயு மானிபோல்டும் ஒரே பக்கத்தில் நெருங்கியிருக்கின்றன. எஞ்சின் சூடேறுமுன் சிறிதளவு சோப்பு நீரை மூட்டின்மீது தெளித்தாலே போதும். கசிவிடத்தில் நீர் உறிஞ்சப்பட்டுச் சீறல் ஒலி சற்றே அடங்கும். எஞ்சினை நிறுத்தி, மானிபோல்டினுள் குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்திப் பார்ப்பது இன்னும் தெளிவான முறை.

பெட்ரோலைப் பீச்சும் இன்றைய எஞ்சின்களில் அறிகுறி ஒன்றுபோல் இராது. காற்றோட்டத்தை நேரே அளக்கும் அமைப்பில் ஆக்சிஜன் உணரி மெலிவைக் கண்டறிய, கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டுகிறது. மானிபோல்டு அழுத்தத்தை அளக்கும் அமைப்பிலோ கசிந்த காற்றும் கணக்கில் சேர்வதால், எஞ்சின் வேண்டாத வேகத்தில் சுழலும்.

குளிர்நீர் வழியும் இதே காஸ்கெட்டின் ஊடே செல்லும் எஞ்சின்களில் கேடு பெரிது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த 3.1, 3.4 லிட்டர் வி-6 எஞ்சின்களில், 1990களிலும் 2000களிலும், பிளாஸ்டிக் சட்டமுள்ள காஸ்கெட்டுகள் பழுதுற்று, குளிர்நீர் எண்ணெயில் கலந்தது. அவ்வாறு கலந்த எண்ணெய் வழுவழுப்பை இழந்து தாங்கிகளை அரித்துவிடும். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியில் மட்டும் பால்நிற நுரை படிவது, குறுந்தொலைவே ஓடும் வண்டிகளில் ஈரத்தாலும் நேரும். அளவுகோலில் எண்ணெயே வெளுத்திருப்பின், எஞ்சினை மேலும் இயக்காமல் வண்டியை இழுத்துச் செல்ல வேண்டும். காஸ்கெட்டுடன் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றவேண்டும்.