ஜெல் புள்ளியும் எண்ணப்படாத வளையங்களும்

சிலிக்கோன் ரெசின் காய்ச்சுகிறவர்களுக்குப் பெரிய பயம், கெட்டிலுக்குள்ளேயே ஜெல் ஆகிவிடுவதுதான். ஆயிடுச்சுன்னா கரைக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது. எப்போது ஜெல் ஆகும் என்று சிமுலேஷனிடம் கேட்பது அதனால்தான்.

டெட்ராஎதாக்சிசிலேனை (டியோஸ்) எடுத்துக்குவோம். ஒவ்வொரு சிலிக்கானுக்கும் நாலு கை. நீராற்பகுப்புக்குப் பிறகு இரண்டு கைகள் கோர்க்கும். நீரோ ஆல்கஹாலோ வெளியேறும். நடுவில் ஒரு ஆக்சிஜன் நிற்கும். ஃப்ளோரி (1941), ஸ்டாக்மேயர் (1943) கணக்குப்படி, மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33% கைகள் கோர்த்ததுமே ஜெல்.

மான்டி கார்லோ நிரலை முதலில் வேணும்னே வெறுமையாக ஓட்டினேன். 10,000 சிலிக்கான், குருட்டாம்போக்கில் இரண்டு கைகளைத் தேர்ந்தெடு, கோர்த்துவிடு, அவ்வளவுதான். 33% பக்கத்திலேயே ஜெல். இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. 10,000 பேர் கூட்டத்தில் ஒரு கை தன் சொந்த மூலக்கூறிலேயே இன்னொரு கையைப் பிடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஃப்ளோரியின் அனுமானமும் அதேதான். இரண்டும் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

ஆய்வகத்திலோ, அமில ஊடகத்தில் டியோஸ் 80% தாண்டியும் திரவமாகவே இருக்கும். சிலிக்கான்-29 என்.எம்.ஆர். அதை நேரடியாகக் காட்டும்.

இங்கே கணினியே தேவையில்லாத ஒரு கணக்கு இருக்கு. வளையம் இல்லாத மூலக்கூறில் n சிலிக்கான் இருந்தால் பிணைப்புகள் n-1. செலவான கைகள் 2(n-1). மொத்தக் கைகள் 4n. எப்படிப் பார்த்தாலும் பாதிக்குக் கீழேதான். ஆக, 50% தாண்டியும் திரவமாக இருக்குன்னா உள்ளே வளையங்கள் இருந்தே ஆகணும். 80% என்றால் n சிலிக்கானுக்கு 1.6n பிணைப்புகள். பத்து சிலிக்கானுக்குக் குறைந்தது ஆறு தற்சார்பான வளையங்கள்! ஓரமாக நடக்கும் பக்கவினை இல்லை இது. பாதிக் கதையே இதுதான்.

அதனால் நிரலில் பக்கத்துக் கைக்குச் சலுகை கொடுக்கணும். நாலு சிலிக்கான் வளையம் எளிதாக மூடும். மூணு சிலிக்கான் வளையத்தில் இறுக்கம் அதிகம். மூணு கை அலகுகளில் எட்டு சிலிக்கான் சேர்ந்து கனசதுரக் கூண்டாகவே மூடிக்கொள்ளலாம். 24 கைகளும் தீர்ந்துவிடும்; அந்தக் கூண்டு வலைக்குள் வரவே வராது.

அந்தச் சலுகை எவ்வளவு என்பதை என்.எம்.ஆர். அளவோடு பொருத்தித்தான் எடுக்க முடியும். அமிலத்தில் பொருத்திய எண்ணைக் கார ஊடகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக நான் சம்மதிக்க மாட்டேன். அங்கே வினைவேகங்களே வேற.