டயரும் டியூப்பும் வீட்டிலேயே மாற்றலாம்



இப்போது அநேக லயங்களின் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பிள்ளைகளைப் பாடசாலையில் விடவும், ராத்திரியில் யாருக்காவது சுகமில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் அதுதான் துணை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டயர் விலை ஏறியதிலிருந்து, தேய்ந்து வழுவழுப்பான டயரையே சிலர் ஓட்டி வருகிறார்கள். மழை நேரத்தில் மலைப்பாதை வளைவில் அது நம்மைத் தள்ளிவிடும். கராஜோ டவுனில். ஆகவே இந்த வேலையை நாமே பழகிக்கொள்வது நல்லது. கம்பி வீலும் உள்ளே டியூப்பும் உள்ள சாதாரண வண்டியின் பின் சக்கரத்தைப் பற்றி இங்கே சொல்கிறோம். டயரில் ‘டியூப்லெஸ்’ என்று எழுதியிருந்தால் அதைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பக்கவாட்டில் வெடிப்பு இருந்தாலும், உள் நூல் தெரிந்தாலும் அப்படியே. புது டயர் வாங்கும்போது பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. அளவு பழைய டயரில் உள்ளதுதானா என்று பாருங்கள். டியூப்பும் அதே அளவாக இருக்க வேண்டும். வால்வு அடியில் கிழிந்த டியூப்புக்கு ஒட்டுப் போட்டு நம்பக்கூடாது.

கழற்றும் முறை

ஸ்பேனர், இரண்டு மூன்று டயர் லீவர், பம்ப், சவர்க்காரத் தண்ணீர், கொஞ்சம் பவுடர், கீழே விரிக்கப் பழைய படங்கு. இவை போதும்.

1. எஞ்சின் ஆறிய பிறகு, சமமான தரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிள்ளைகளை அருகில் விட வேண்டாம்.

2. செயின் இழுவைக் குறி இரண்டு பக்கமும் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். பிரேக் கம்பியையும், பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் தாங்கு கம்பியையும் கழற்றி, எக்சல் நட்டைத் திறந்து எக்சலை உருவுங்கள். வளையங்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வையுங்கள்.

3. வால்வு ஊசியைத் திருகி எடுத்துக் காற்றை முழுவதும் விடுங்கள். வால்வின் நட்டையும் கழற்றுங்கள்.

4. டயரின் ஓரத்தைக் குதிகாலால் மிதித்து ரிம்மிலிருந்து விலக்குங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளி வைத்துக்கொண்டு, வால்வுப் பக்கத்திலிருந்து லீவரால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள். எதிர்ப்பக்கம் பள்ளத்துக்குள் இல்லாவிட்டால் எவ்வளவு பலம் போட்டாலும் வராது, ரிம்தான் வளையும்.

5. டியூப்பை உருவிய பின், பஞ்சரான டயர் நல்ல நிலையில் இருந்து அதையே மறுபடி போடுவதானால், உள்ளே துணியால் துடைத்து ஆணி, முள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆணியை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் உடனே ஓட்டையாகும். ரிம்முக்குள் இருக்கும் ரப்பர் பட்டி கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கம்பி முனை டியூப்பைக் குத்தும்.

பூட்டும் முறை

புது டயரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் பக்கம் அது பார்க்கட்டும். ஒரு ஓரத்தை ரிம்முக்குள் போடுங்கள். டியூப்புக்குப் பவுடர் தடவி, உருண்டை வடிவம் வருமளவுக்கு மட்டும் காற்று ஊதி உள்ளே வைத்து, வால்வை ஓட்டையில் விட்டு நட்டைத் தளர்வாகப் போடுங்கள். மற்ற ஓரத்தில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, இந்த முறை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து வால்விடம் முடியுங்கள். முடிக்கும்போது வால்வை உள்ளே தள்ளிப் பாருங்கள்; டியூப் ஓரத்தில் சிக்கியிருந்தால் விடுபடும். லீவரை ஆழமாக விட்டால் புது டியூப்பே கிழியும்.

காற்று ஊதி, டயரில் உள்ள மெல்லிய கோடு ரிம்மைச் சுற்றி ஒரே அளவில் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காற்றை விட்டு மறுபடி ஊதுங்கள். காற்றின் அளவை வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கைநூலிலோ பாருங்கள்.

மறக்கக் கூடாதது

சக்கரத்தைப் பூட்டும்போது பிரேக் தட்டின் தாங்கு கம்பியை மறக்கவே கூடாது. அதைப் பூட்டாமல் பிரேக் மிதித்தால் தட்டு சுழன்று சக்கரம் இறுகிவிடும். உயிருக்கே ஆபத்து. ஸ்பிளிட் பின் புதிதாகப் போடுங்கள். செயின் குறி இரு பக்கமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எக்சல் நட்டை நன்றாக இறுக்குங்கள். பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்த்து, முதலில் தனியாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிறகு நட்டுகளை மறுபடி பாருங்கள். அதுவரை மனைவி பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கழற்றிய டயரை லயத்துக்குப் பின்னால் போட்டுவிடாதீர்கள். மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு முட்டையிடும். எரிக்கவும் வேண்டாம். பழைய டயர் வாங்குகிறவரிடம் கொடுங்கள். அதுவரை மழை படாத இடத்தில் கூரைக்குக் கீழே வையுங்கள்.