தொண்டாமுத்தூரில் தங்கிவிட ஆசையா? வெளிநாடுவாழ் தம்பதிகள் விமானம் ஏறும் முன் பார்க்க வேண்டியவை!

மேற்கே வெள்ளியங்கிரி மலை, பக்கத்தில் நொய்யல், குடிக்கச் சிறுவாணித் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தென்னையும் பாக்கும். அமெரிக்காவிலோ கனடாவிலோ முப்பது வருடம் உழைத்து முடித்த கொங்கு நாட்டுத் தம்பதிக்கு, மிச்ச காலத்தைக் கழிக்க தொண்டாமுத்தூரைவிட நல்ல இடம் தோன்றாது. வடவள்ளி, தொண்டாமுத்தூர் சாலையில் மூத்த குடிமக்களுக்கென்றே குடியிருப்புகள் வந்ததற்கு இந்த ஆசையும் ஒரு காரணம்.

ஆனால், ஊர் நம்முடையது என்றாலும் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் முதல் கேள்வி. கணவனிடம் ஒன்று, மனைவியிடம் வேறொன்று என்றால் விதிகளும் ஆளுக்கு ஆள் மாறும். இதைக் கவனிக்காமல் வீட்டை விற்றுவிட்டு வந்து இறங்கினால், ஓய்வுக்காலம் அலுவலக வாசல்களிலேயே கழியும்.

இந்தியாவில் ஓய்வுக்கால விசா உண்டா?

இல்லை. தாய்லாந்தில் 50 வயது கடந்தவர்களுக்கென ஓய்வுக்கால விசா இருக்கிறது. அங்கே வங்கியில் 8 லட்சம் பாட் இருப்போ, மாதம் 65,000 பாட் வருமானமோ காட்டினால் போதும். இந்தியாவில் அப்படியொரு தனிப்பிரிவு கிடையாது. நம் வம்சாவளியினருக்கு அந்த இடத்தை நிரப்புவது ஓ.சி.ஐ. அட்டை. 2006 ஜனவரியில் ஹைதராபாத்தில் நடந்த வெளிநாடுவாழ் இந்தியர் தின விழாவில் தொடங்கப்பட்ட திட்டம் இது. பழைய பி.ஐ.ஓ. அட்டை 2015-ல் இதனுடன் இணைக்கப்பட்டது.

ஓ.சி.ஐ. இருந்தால் ஆயுள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை வருடம் வேண்டுமானாலும் தங்கலாம். தங்குவதற்காக வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. வயது வரம்போ வருமானக் கணக்கோ கிடையாது. ஆனால், ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது. பெயரில் 'குடிமகன்' என்று இருந்தாலும் இது இரட்டைக் குடியுரிமை அல்ல. வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றதுமே இந்தியக் குடியுரிமை சட்டப்படி முடிந்துவிடும். எனவே, பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கிய பிறகே ஓ.சி.ஐ. விண்ணப்பம் நகரும். கட்டணம் வெளிநாட்டில் 275 டாலர். இந்தியாவில் விண்ணப்பித்தால் 15,000 ரூபாய்.

உங்கள் ஜோடி எந்த வகை?

*இருவரிடமும் இந்தியப் பாஸ்போர்ட்:* வளைகுடாவிலிருந்து திரும்புபவர்கள் பெரும்பாலும் இந்த வகை. விசா பேச்சே இல்லை, நேராக வீட்டுக்கு வரலாம்.

*இருவரும் வெளிநாட்டுக் குடிமக்கள், இருவருமே இந்திய வம்சாவளி:* இருவரும் தனித்தனியாக, சொந்த வம்சாவளியின் பேரிலேயே ஓ.சி.ஐ. வாங்குவது நல்லது. 'இன்னாரின் மனைவி' என்ற முறையில் வாங்கினால், அந்த அட்டையின் ஆயுள் திருமணத்தோடு கட்டப்பட்டுவிடும். மலேசியாவில் பிறந்த மனைவிக்கும் இது பொருந்தும். பாட்டனோ பூட்டனோ இந்தியர் என்பதற்கு ஆவணம் இருந்தால் அவருக்குச் சொந்த உரிமை உண்டு.

*ஒருவர் இந்தியர் அல்லது ஓ.சி.ஐ., மற்றவர் வம்சாவளி அல்லாத வெளிநாட்டவர்:* டொரண்டோவில் யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டிய கோவைக்காரரை எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு இந்திய வம்சாவளி ஆவணம் இல்லையென்றால், துணைவர் என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். அதற்குத் திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 2 வருடங்கள் தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும். பாதுகாப்பு விசாரணையும் உண்டு. 2 வருடம் ஆகாதவர்கள் அதுவரை 'எக்ஸ்' எனப்படும் நுழைவு விசாவில் வரலாம். 180 நாளுக்கு மேல் தங்குவதென்றால், வந்த 14 நாளுக்குள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து, இங்கிருந்தபடியே ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்க முடியாது.

துணைவர் முறையில் பெற்ற அட்டை, விவாகரத்து ஆனால் ரத்தாகலாம். இப்படிப் பெற்றவர்கள் ஒவ்வொரு முறை புதுப் பாஸ்போர்ட் வாங்கும்போதும், திருமணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியை 3 மாதத்துக்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. சொந்த வம்சாவளியில் பெற்றவர்களுக்கு 50 வயதுக்குப் பிறகு ஒரே ஒரு முறை பதிவேற்றினால் போதும்.

*ஒருவர் அமெரிக்கக் குடிமகன், மற்றவர் இந்தியப் பாஸ்போர்ட்டில் கிரீன் கார்டு:* இந்தியாவுக்குள் வர இவருக்கு எந்தத் தடையும் இல்லை. சிக்கல் அந்தப் பக்கம். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் கிரீன் கார்டு பறிபோகும் ஆபத்து உண்டு. மறுநுழைவு அனுமதி 2 வருடம் வரை கிடைக்கும், ஆனால் அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நினைத்தபோது போய்வர விரும்பும் தம்பதி இதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கல்யாணச் சான்றிதழ் எங்கே?

பேரூரிலோ மருதமலையிலோ தாலி கட்டி, அழைப்பிதழும் ஆல்பமும் மட்டும் பத்திரமாக இருக்கும் வீடுகள் நிறைய. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயமானது 2009 நவம்பர் 24 முதல்தான். அதற்கு முன் நடந்த இந்துத் திருமணங்களையும் இந்து திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். வெளிநாட்டில் நடந்த திருமணம் என்றால், அந்த நாட்டுச் சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை பெற்று வையுங்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, திருமணச் சான்று மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பா பெயர் ஒன்றில் கடைசிப் பெயராகவும் இன்னொன்றில் இனிஷியலாகவும் இருந்தால், அதைச் சரிசெய்யவே மாதங்கள் ஓடும்.

தோட்டம் வாங்கலாமா?

தொண்டாமுத்தூர்ப் பக்கம் வருபவர்கள் கனவு காண்பது அடுக்குமாடி வீட்டை அல்ல. கிணறு, இரண்டு ஏக்கர் தென்னை, நடுவில் ஒரு சாளை. இங்கேதான் பெரிய தடை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டைதாரரும் விவசாய நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. தானமாகப் பெறவும் முடியாது. வீடு, வீட்டுமனை, அடுக்குமாடி, கடை வாங்கலாம். 'பண்ணை மனை' என்று விளம்பரம் செய்பவர்களிடம், பத்திரத்தில் நிலத்தின் வகைப்பாடு என்ன என்று கேளுங்கள். அடிவாரக் கிராமங்கள் பல ஹாக்கா எல்லைக்குள் வருவதால் கட்டட அனுமதியையும் விசாரிக்க வேண்டும்.

அப்பாவின் தோட்டம் வாரிசு முறையில் வந்தால் தடையில்லை, வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். 'மச்சான் பெயரில் வாங்கிப் போடலாம்' என்பது நிறைய வீடுகளில் கேட்கும் யோசனை. அது பினாமிச் சட்டத்தில் மாட்டும். அந்நியச் செலாவணிச் சட்டப்படி அபராதம் தொகையைப்போல் மூன்று மடங்கு வரை போகலாம். கூடவே மச்சானும் பகையாவார்.

இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருந்தவர், நிரந்தரமாகத் திரும்பி இங்கே வசிக்கத் தொடங்கிய பின் தோட்டம் வாங்கலாம். ஓ.சி.ஐ. அட்டைதாரருக்கும் ஒரு வழி உண்டு. அட்டை பெற்று 5 வருடம் ஆகி, விண்ணப்பத்துக்கு முன் 12 மாதம் இந்தியாவில் வசித்திருந்தால், மீண்டும் இந்தியக் குடியுரிமை கேட்கலாம். கிடைத்தால் வெளிநாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் அங்கே இருக்க, இதைத் துணிபவர்கள் குறைவு.

பணமும் மருத்துவமும்

திரும்பி வந்தவுடன் என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி, சாதாரணக் கணக்காகவோ வெளிநாட்டுப் பணத்தை வைக்கும் ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்ற வேண்டும். நீண்ட காலம் வெளியே இருந்தவர்களுக்கு, வந்த முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு வெளிநாட்டு வருமானத்தில் வரிச் சலுகை கிடைக்க வாய்ப்பு உண்டு. அதன்பின் உலகில் எங்கே வரும் வருமானமும் இங்கே கணக்கில் வரும்.

பிரிட்டன் அரசு ஓய்வூதியம் இந்தியாவில் வசித்தால் ஆண்டுதோறும் உயராது. கனடாவின் முதியோர் ஓய்வூதியம் வெளிநாட்டில் தொடர, 18 வயதுக்குப் பின் அங்கே 20 வருடமாவது வசித்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மெடிகேர், கோவை ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு உதவாது. எனவே, இங்கே மருத்துவக் காப்பீடு அவசியம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் இப்போது பாலிசி தருகிறார்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருக்கும் வயதில் 3 வருடம் பெரிய இடைவெளி என்பதால், ஊர் திரும்புவதற்கு முன்பே தொடங்க முடியுமா என்று கேட்பது நல்லது.

கிளம்பும் முன்...

* இருவருக்கும் தனித்தனியே ஓ.சி.ஐ.; முடிந்தால் சொந்த வம்சாவளியில்.
* திருமணச் சான்று, பழைய பாஸ்போர்ட் ஒப்படைத்த சான்று: அசல் கையில், நகல் மொபைலில்.
* ஓ.சி.ஐ. அட்டைதாரர் இங்கே 12 மாதங்களில் 182 நாள் வசித்த பின் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம்.
* நிலத்துக்கு முன்பணம் தருவதற்கு முன் வழக்கறிஞர்.
* முதல் ஆறு மாதம் வாடகை வீடு. ஊர் மாறியிருக்கும், நீங்களும் மாறியிருப்பீர்கள். இருவருக்கும் பிடித்தால் பிறகு வாங்கலாம்.

விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் நாளில் அரசின் ஓ.சி.ஐ. இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பொதுவாக வீட்டில் ஒருவர்தான் இந்தக் காகிதங்களைக் கவனிப்பார். கடவுச்சொல், கணக்கு எண், அட்டைகள் எங்கே இருக்கின்றன என்பது மற்றவருக்கும் தெரிந்திருக்கட்டும். என்றாவது ஒருவர் மட்டும் தனியாக இருக்க நேர்ந்தால், அவர் யாரையும் தேடி அலையாமல் சொந்த ஊரில் நிம்மதியாக இருக்க அது உதவும்.