இரண்டு மணி நேரமும் ஒரு கணக்கு நோட்டும்

குழந்தையைத் தூங்கப் போட்டாயிற்று. அடுப்படி வேலையும் ஓய்ந்தது. மத்தியானம் கையில் இரண்டு மணி நேரம்! "எழுதிச் சம்பாதித்தால் என்ன?" என்று தோன்றுகிறதா? "நமக்கெங்கே வரப்போகுது!" என்று தயங்காதீர்கள். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1924-ல் தம் முதல் நாடகத்தைச் சொல்லச் சொல்ல, எழுதிக் கொடுத்தவர் தோழி பட்டம்மாள். பிறகு அவரே 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். 100-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார்.

ஆனால் எழுத வந்தால் போதாது. கணக்கும் வர வேண்டும். 1,000 ரூபாய்க் கட்டுரைக்கு 10 மணி நேரம் பிடித்தால், மணிக்கு 100 ரூபாய்தான். அதே தொகைக்கு 4 மணியில் முடிகிற மொழிபெயர்ப்பு என்றால் 250! ஆகவே, ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தை நோட்டில் குறித்து வாருங்கள். சமையலோ, குழந்தை வளர்ப்போ, நன்றாகத் தெரிந்த ஒரே துறையில் எழுதினால் நேரம் மிச்சம். ஒன்றுக்காகச் சேகரித்த விஷயம் அடுத்ததற்கும் உதவும்.

இன்னொன்று. செக்கைப் பார்த்த சந்தோஷத்தில் எதிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தர முடியும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான். 'எல்லா உரிமையும் நிரந்தரமாக' என்றிருந்தால், 'ஒருமுறை வெளியிட மட்டும்' என்று மாற்றித் தரும்படி கேளுங்கள். பின்னால் அதையே புத்தகமாகப் போடலாமே!

கேட்பதில் வெட்கமென்ன? உழைப்பு உங்களுடையதுதானே!