கம்ப்யூட்டருக்கு ஒரு வீடு பார்ப்போமா?

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற குட்டீஸ் எல்லாரும் ஒரு நிமிடம் அதன் பக்கம் திரும்பிப் பாருங்கள். 'இதில் சி.பி.யு. எது?' என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? மேஜைக்கு அடியில் நிற்கிற அந்த உயரமான பெட்டியைத்தானே! கடைக்காரர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் சி.பி.யு. என்பது அந்தப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிற, ஒரு பிஸ்கட் அளவே உள்ள பிராசசர். வெளியே தெரிகிற தகரப் பெட்டிக்குக் 'கேபினட்' என்று பெயர்.

திருச்சியில் இப்போது பள்ளிப் பிள்ளைகளே கம்ப்யூட்டர் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டில் அப்பாவையோ அண்ணனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு தாங்களே பொருத்துகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால், பிராசசர் எது, ராம் எவ்வளவு என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள், கேபினட்டை மட்டும் கடைசியில் மிச்சக் காசுக்கு, பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அதனால்தான் இன்று கேபினட் பற்றிப் பேசுகிறோம்.

கொஞ்சம் பழைய கதை. 1981 ஆகஸ்ட் மாதம் ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் கேபினட் படுத்த வாக்கில் இருக்கும். அதன் தலைமேல் டி.வி. மாதிரி மானிட்டரை வைப்பார்கள். பிறகு, பெட்டியை நிமிர்த்தி நிற்க வைக்கும் 'டவர்' வழக்கம் பரவியது. 1995-ல் இன்டெல் கம்பெனி ஒரு நல்ல காரியம் செய்தது. மதர்போர்டின் நீள அகலம், அதில் திருகு மாட்டும் ஓட்டைகள் இருக்க வேண்டிய இடம், எல்லாவற்றையும் கணக்காக வகுத்து 'ஏ.டி.எக்ஸ்.' என்று ஒரு அளவுத் தரத்தை வெளியிட்டது. எந்தக் கம்பெனி பல்பு வாங்கினாலும் நம் வீட்டு ஹோல்டரில் பொருந்துகிறதல்லவா? அதைப் போலத்தான். மதர்போர்டு ஒரு கம்பெனி, கேபினட் வேறு கம்பெனி என்று வாங்கி நாமே பொருத்த முடிகிறதே, அதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் அதே அளவுதான்.

கத்தரிக்கோலும் ஸ்கேலும் எடுங்கள்!

பழைய செய்தித்தாளில் மூன்று துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். (இந்த இதழைப் படித்து முடித்த பிறகு வெட்டுங்கள்!) முதல் துண்டு 30.5 சென்டிமீட்டர் நீளம், 24.4 சென்டிமீட்டர் அகலம். அது ஏ.டி.எக்ஸ். இரண்டாவது நான்கு பக்கமும் 24.4 சென்டிமீட்டர். அதன் பெயர் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மூன்றாவது நான்கு பக்கமும் 17 சென்டிமீட்டர். அது மினி ஐ.டி.எக்ஸ். மூன்றும் மூன்று வகை மதர்போர்டுகளின் அளவு. உங்கள் மதர்போர்டு எதுவோ, அந்தத் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கேபினட்டைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே வைத்துப் பாருங்கள். பெரிய கேபினட்டில் சின்ன போர்டு பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். சின்ன கேபினட்டில் பெரிய போர்டு உட்காராது.

முதல் முறை செய்பவர்களுக்கு மினி ஐ.டி.எக்ஸ். வேண்டாம் என்பது என் கருத்து. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளே கை நுழையாது. வயரை இழுத்து மாட்டுவதற்குள் அழுகை வந்துவிடும்.

இன்னும் இரண்டு அளவுகள் கேளுங்கள். கேபினட்டுக்குள் எவ்வளவு உயரமான கூலர் நிற்கும்? பிராசசர் தலையில் நிற்கிற கோபுரக் கூலர்களில் பல 15, 16 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அது இடித்தால் பக்கவாட்டுக் கதவை மூட முடியாது. எவ்வளவு நீளமான கிராஃபிக்ஸ் கார்டு நுழையும்? சில கார்டுகள் 30 சென்டிமீட்டரையும் தாண்டுகின்றன. இவை கேபினட்டின் அட்டைப்பெட்டியிலேயோ விவரத் தாளிலேயோ இருக்கும். மில்லிமீட்டரில் இருந்தால் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

முற்றமும் மின்விசிறியும்

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் பழைய வீடு ஏதாவது ஒன்றுக்குள் போயிருக்கிறீர்களா? வாசலில் திண்ணை, நீண்ட ரேழி, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் கொல்லை. வாசலில் நின்று பார்த்தால் கொல்லைப்புறம் வரை தெரியும். வாசல் வழியே காற்று நுழையும். உள்ளே சூடான காற்று லேசாகி மேலே எழுந்து முற்றத்தின் வழியே வெளியேறும். கரண்ட் இல்லாத காலத்துக் கட்டடக்காரர் கண்ட உபாயம் இது.

நல்ல கேபினட்டும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. முன்பக்கத்து விசிறி குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கும். அது பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் தொட்டுச் சூடேறி, பின்பக்கமும் மேல்பக்கமும் உள்ள விசிறி வழியே வெளியே போகும். முன்வாசலை அடைத்துவிட்டால்? உள்ளே இருப்பவர் புழுங்க வேண்டியதுதான்!

நம் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். எப்படி என்று ஒரு கணக்கு போடுவோம். ஒரு பிராசசர் வேலை செய்யும்போது அறையின் வெப்பத்தைவிட 50 டிகிரி அதிகம் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். குளிர்நாட்டில் அறை வெப்பம் 20 டிகிரி. ஆக 70 டிகிரி, கவலையில்லை. திருச்சியில் அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஏ.சி. இல்லாத அறையில் 38 டிகிரி என்றால் பிராசசர் 88 டிகிரி! பெரும்பாலான பிராசசர்கள் 95, 100 டிகிரியை நெருங்கினால் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிகக் காசு கொடுத்து வேகமான பிராசசர் வாங்கி, அது மெதுவாக ஓடினால் என்ன பயன்? குளிர்நாட்டில் சோதித்துப் பார்த்து 'அருமை' என்று எழுதிய கேபினட் நமக்கும் அருமையாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

விசிறியின் அளவையும் பாருங்கள். 80 மில்லிமீட்டர், 120 மில்லிமீட்டர், 140 மில்லிமீட்டர் என்று வரும். 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144. 8-ஐ 8-ஆல் பெருக்கினால் 64. வகுத்துப் பாருங்கள், பெரிய விசிறியின் பரப்பு இரண்டே கால் மடங்கு! அதனால் அது மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும், சத்தமும் குறைவு.

ஒரு காகிதத் துண்டு செய்த வேலை

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் வரைந்து அதை நடக்க வைப்பதில் அவளுக்கு ஆசை. அவள் அப்பா துவாக்குடியில் ஒரு தகர வேலைப் பட்டறையில் வெல்டர். பி.எச்.இ.எல். பாய்லர் தொழிற்சாலை 1960-களில் திருவெறும்பூரில் வந்த பிறகு, அதைச் சுற்றி இப்படிப் பல பட்டறைகள் வந்தன. அவர் சீட்டுப் பணம் எடுத்து மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினார். 'நீங்களும் வாங்க தாத்தா' என்று அவள் கூப்பிட, மூவரும் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்குப் போனோம்.

கடையில் அவள் கண் ஒரு கேபினட்டிலேயே ஒட்டிக்கொண்டது. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே விசிறிகள் வானவில் நிறத்தில் சுற்றுகின்றன. பக்கத்தில் இன்னொன்று: முன்பக்கம் சல்லடை போன்ற கம்பி வலை. கறுப்பு நிறம், விளக்கு கிடையாது. விலை சுமார் 1,500 ரூபாய் குறைவு. இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

நான் ஒன்றும் சொல்லவில்லை. டிஷ்யூ காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து அவளிடம் கொடுத்தேன். 'இதை ரெண்டு பெட்டிக்கும் முன்னாடி பிடிச்சுப் பாரும்மா.' வலைக்கு முன்னால் பிடித்ததும் காகிதம் 'சப்'பென்று ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு முன்னால் அது அசையவே இல்லை. ஓரத்தில் விரல் தடிமன் சந்து இருந்தது. அங்கே மட்டும் லேசாக ஆடியது. அவள் முகம் வாடிவிட்டது, பாவம். அந்த வயதில் வண்ண விளக்கு பிடிக்கத்தானே செய்யும்!

அப்பா அவர் பங்குக்குச் சோதனை செய்தார். பக்கத் தகட்டைக் கழற்றிக் கட்டைவிரலால் அமுக்கினார். 'இது அரை மில்லி இருக்கும், அமுக்கினா உள்ளே போகுது. அது முக்கால் மில்லி' என்றார். ஸ்கேல் வைக்காமலே சொன்னார். பிறகு உள் விளிம்புகளை மெதுவாகத் தடவினார். மலிவான கேபினட்டில் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். நல்லதில் விளிம்பை மடித்துவிட்டிருப்பார்கள். வலை போட்டதில் மடித்திருந்தது. மெல்லிய தகடு விசிறி அதிர்வில் 'கிர்ர்' என்று சத்தம் போடும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

வெகுநேரம் யோசித்த பிறகு அவளே, 'வலை போட்டதே எடுத்துக்கலாம்ப்பா. மிச்சப் பணத்துக்கு நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாம்' என்றாள். கெட்டிக்காரி!

எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. மலிவான கேபினட்டோடு அதையும் சேர்த்தே தருவார்கள். '450 வாட்' என்று மேலே ஒட்டியிருக்கும். ஒட்டுவதற்குக் காசா பணமா? அதைத் தனியாக, '80 பிளஸ்' முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குவதே மேல். ஒரு எச்சரிக்கை: கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. கரண்ட்டை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேபினட்டைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று ஷாக் அடிக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ்.-க்குள் இருக்கும் வடிகட்டிப் பாகத்தின் வழியே மிகச் சிறிய மின்சாரம் தகரத்துக்குக் கசியும். எர்த் கம்பி சரியாக இருந்தால் அது பூமிக்குள் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் விரலைத் தேடி வரும்! பிளக்கில் தடிமனாக, தனியாக நிற்கிறதே மூன்றாவது முள், அதுதான் எர்த். சில வீடுகளில் அதை ஒடித்துவிட்டு இரண்டு முள்ளோடு செருகுகிறார்கள். தப்பு. சுருசுருப்பு இருந்தால் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, பெரியவர்களிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். கேபினட் தானாகச் சரியாகாது.

அப்புறம் தூசி. ஆடிக் காற்றில் ஸ்ரீரங்கத்தில் எவ்வளவு மண் பறக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பக்கமும் ஆறு ஆயிற்றே! முன்பக்கத்தில் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை இருக்கிற கேபினட்டாகப் பாருங்கள். கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால், சந்து வழியே தூசி நுழையாது. முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று என்று வைப்பது இதற்காகத்தான்.

பின்பக்கம் கார்டு மாட்டும் இடத்தில் நீளநீளமாகத் தகர மூடிகள் இருக்கும். உபயோகிக்காத இடத்து மூடியைக் கழற்றிவிடாதீர்கள். சூடான இடம் பல்லிக்கும் கரப்பானுக்கும் ரொம்பப் பிடிக்கும். பல்லி மதர்போர்டில் ஏறிவிட்டால் பல்லியும் போச்சு, போர்டும் போச்சு.

பழைய கம்ப்யூட்டர் மேஜைகளில் கேபினட் வைக்கக் கதவு போட்ட அறை ஒன்று இருக்கும். அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். பக்கத்துக் கதவு கண்ணாடியாக இருந்தால், கழற்றும்போது கிரானைட், டைல்ஸ் தரையில் முனைபட வைக்கக் கூடாது. 'டணார்' என்று மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் படுக்க வையுங்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்துப் பொருத்த உட்கார்ந்தோம். முதல் வேலை, கேபினட் சுவரில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்களைத் திருகுவது. 'ஸ்டாண்ட்-ஆஃப்' என்பார்கள். மதர்போர்டின் அடிப்பக்கம் முழுக்க ஈயப் பற்றுகள். அது தகரத்தில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் போர்டை இந்தக் கால்கள் தூக்கிப் பிடிக்கின்றன. போர்டில் ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் கால் இருக்க வேண்டும். அவளுடைய மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டுக்கு வேண்டாத இடத்தில் ஒரு கால் ஏற்கெனவே மாட்டியிருந்தது. காகிதத் துண்டை வைத்துப் பார்த்து அவளே அதைக் கழற்றினாள். கடைசி வேலை, கேபினட்டின் முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வயர்களை மதர்போர்டில் செருகுவது. ஆன் செய்யும் பொத்தானின் வயரை எந்தப் பக்கம் செருகினாலும் வேலை செய்யும். விளக்கு வயர் அப்படியல்ல. அதற்குப் பிளஸ், மைனஸ் உண்டு. எல்லாம் மாட்டி ஆன் செய்ததும் விசிறி சுற்றி, விளக்கு மட்டும் எரியாவிட்டால் பயப்படாதீர்கள். எதுவும் கெட்டுவிடவில்லை. நிறுத்திவிட்டு, அந்தச் சின்ன கனெக்டரைத் திருப்பிச் செருகுங்கள், எரியும்.